லகூனுக்குள் எத்தனை சொற்கள்?

நமது கரையோரத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். சாதாரண தரப் பெறுபேறு வரும்போது பாருங்கள்: கணிதத்தில் ஏ, விஞ்ஞானத்தில் ஏ, இஸ்லாத்தில் ஏ, ஆங்கிலத்தில் மட்டும் எஸ். பார்க்க நெஞ்சு நோகும். அது அறிவுக் குறைவல்ல, பயம். ஆங்கிலம் யாரோ பெரிய மனிதர் வீட்டுக் கண்ணாடிச் சாமான், தொட்டால் உடையும், உடைந்தால் ஏசுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தோடேயே ஒலுவில் பல்கலைக்கழகம் வரை போய், ஆங்கிலத்தில் நடக்கிற விரிவுரைக்கு முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் விறாந்தைக்கு வருவார்கள். இலக்கணம் நடத்துவதில்லை. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, துண்டுக்கு ஓர் எழுத்தாக எழுதி வைத்திருக்கிறேன். ஒருநாள் லகூன் என்ற சொல்லைக் கொடுத்தேன். களப்பைத் தெரியாத பிள்ளை இந்தப் பக்கம் இல்லை. எல், ஏ, ஜீ, ஓ, ஓ, என். ஆறே துண்டுகள்.

பந்தடிக்கிற பையன் முதலில் கண்டது கோல். கடை வைத்திருப்பவரின் மகள் லோன் என்றாள். மறுகா லோங் வந்தது, அதன் தலையில் ஏயை வைத்து எலோங் வந்தது, லோகோவும் வந்தது. அவரவர் புழங்குகிற சொல்தான் அவரவர் கண்ணில் முதலில் படுகிறது. சின்னவன் ஒருவன், "கேலன், சேர்!" என்று கத்தினான். "எத்தனை எல் இருக்கு மகன்?" என்று கேட்டேன். துண்டுகளைத் தடவிப் பார்த்து, "ஒண்டுதான்" என்றான். கேலனுக்கு எல் இரண்டு வேண்டும் என்பது அவனுக்கு அந்த இடத்திலேயே பதிந்துவிட்டது. நான் திருத்தவில்லை, யாரும் சிரிக்கவில்லை. கையில் இருந்த அட்டையே சொல்லிக் கொடுத்தது. பிழை விட்டால் வெட்கப்படத் தேவையில்லை என்று வகுப்பில் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதது இப்படி ஏறுகிறது.

சொல் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உயிரெழுத்துகளை ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். வால்களைப் பார்க்க வேண்டும்: ஐ, என், ஜீ மூன்றும் இருந்தால் இங், ஈயும் ஆரும் இருந்தால் அர். எஸ்சும் எச்சும், சீயும் எச்சும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கும். அதன் பிறகும் ஒன்றும் வராவிட்டால் துண்டுகளைக் கலைத்து வட்டமாக வைக்க வேண்டும். ஒரே வரிசையில் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழைய சொல்லையே வாசிக்கும். தமிழில் க என்று எழுதினால் அகரம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் உயிர் தனியே நிற்பதால் அதைத் தூக்கி எங்கும் வைக்கலாம். கோல் என்பதில் ஓவையும் ஏயையும் இடம் மாற்றினால் பழைய ஆங்கிலச் சட்டப் புத்தகங்கள் எழுதுகிற ஜெயில் வந்துவிடும்.

இப்போது போனில் எழுத்துகளைத் தட்டினால் ஒரு நொடியில் பட்டியல் விழுகிறது. அதில் மாயம் ஒன்றுமில்லை. அகராதியின் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசைப்படி அடுக்கி வைத்துவிட்டால், கோலும் அந்தப் பழைய ஜெயிலும் ஏ, ஜீ, எல், ஓ என்ற ஒரே அடுக்கில் வந்து விழும். கணினி அடுக்கைப் பார்த்துச் சொல்லை எடுத்துத் தருகிறது. போனை நான் தடுப்பதில்லை. தேடி முடித்த பிறகு, விட்டது என்ன என்று பார்க்க எடுக்கட்டும். முதலிலேயே எடுத்தால் பட்டியல் போனில் இருக்கும், பிள்ளையிடம் இராது.

இப்படி எழுத்துகளைச் சேர்த்துச் சொல் தேடுவதை உலகம் முழுக்க விளையாட்டாக்கியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர். பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணியெண்ணித்தான் ஈக்கு 12 கட்டைகள், கியூவுக்கு ஒன்றே ஒன்று என்று வகுத்தார். 1948இல் அதற்கு ஸ்கிரபிள் என்று பெயர் வந்தது. கியூவுக்குப் பத்துப் புள்ளி. ஆனால் யூ கையில் இல்லாமல் கியூ வந்து மாட்டினால் ஆட்டக்காரர்கள் தவித்துப் போவார்கள். அப்போது அவர்கள் தேடுகிற சொற்களைப் பாருங்கள்: காதி, பக்கீர், கிப்லா, தலாக். யூ இல்லாத கியூவோடு இவையெல்லாம் போட்டிகளுக்கான கொலின்ஸ் சொற்பட்டியலில் இருக்கின்றன. லண்டன்காரர் பாடமாக்க வேண்டிய சொற்களை நமது பிள்ளை பள்ளிவாசலிலும் வீட்டிலும் கேட்டே வளர்ந்திருக்கிறது. இதை நான் சொன்ன அன்று அந்த முகங்களில் வந்த வெளிச்சத்தை எந்தப் பரீட்சைப் பெறுபேறும் தந்ததில்லை.

நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்களை மட்டும் பாடமாக்கியிருந்தார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அப்படியே வென்றார். இது நமது ஊருக்கு அதிசயமாக இராது. குர்ஆன் முழுவதையும் ஹிப்ழு செய்த சிறுவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மனப்பாடச் சக்தியில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் நமது பிள்ளைக்குப் பட்டம் தேவையில்லை. கடிதம் எழுத வேண்டும், நேர்முகத்தில் பேச வேண்டும். ஆகவே கண்டெடுத்த ஒவ்வொரு சொல்லையும் ஒரு வசனத்தில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். லோன் என்றவள், "மை பாதர் டுக் எ லோன்" என்று சொல்லட்டும்.

மருதமுனையில் தறி ஓடுகிற வீடுகளில் டெக்ஸ்டைல் என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். டீ இரண்டு, ஈ இரண்டு, நடுவில் எக்ஸ். எக்ஸைக் கண்டதும் பிள்ளை மலைக்கும். எக்சிட், எக்ஸைல், எலீட், டைட்டில், டைல் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. முதல் சொல்லைப் பிள்ளையே எடுக்கும் வரைக்கும் வாப்பாவும் உம்மாவும் வாய் திறக்க வேண்டாம்.