உம்மா சொன்ன கதை

அலாவுதீன் கதையை நீங்கள் படித்தீர்களா, கேட்டீர்களா? நான் கேட்டவன். இஷாத் தொழுகைக்குப் பின், உம்மாவின் மடியில். அவர்களுடைய பூதம் நெய்ச்சோறும் தால்ச்சாவும் கொண்டுவரும். வாசனைகூட எங்களுக்கு வரும்!

ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் அக்கதை கிடையாது. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப், 1709இல் பாரிஸ் நகரில் அந்துவான் கலானுக்குச் சொன்னது அது. பிரெஞ்சு நூலில் ஏறியது பின்னரே.

இதையெல்லாம் படித்தறிந்த நான்தான், பேரப்பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தியிருந்த உம்மாவிடம், “பொய்க்கதை எதற்கும்மா?” என்றேன். அவர்கள் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் முதல் கையில் தஸ்பீஹ் மணி மட்டுமே.

உம்மா வஃபாத்தாகிவிட்டார்கள். இப்போது இளைய மகளுக்குப் புத்தகத்தை விரித்துப் படிக்கிறேன். இடையில் நிறுத்துகிறாள்.

“இதில் நெய்ச்சோறு இல்லையே, வாப்பா?”