ஏரிக்கு முந்திய ஊர்

புத்ராஜெயா ஏரிக்கரையில் உலாவுவோர் அதன் எழிலை வியப்பர். அந்நிலத்தின் பழைய பெயரை அறிவாரோ சிலரே. முதல் உலகப்போரிலிருந்து மீண்ட பிரித்தானியப் படைவீரர்கள் 1921இல் அங்கே ரப்பர்த் தோட்டமொன்றைத் தொடங்கினர். ‘பெரும்போர்’ எனப் பொருள்படும் பிராங் பெசார் என்பதே அதன் பெயர். அங்கு உருவான பி.பி. 86 என்னும் மரவகை புகழ்பெற்றது. அம்மண்ணில் பால்மரம் சீவி வாழ்ந்தோர் நம் தமிழர்.

தோட்டத்துச் சிறார்க்குப் பள்ளி விடுமுறையே திருவிழா. பெரட்டு முடிந்து பெற்றோர் வெட்டுக்காட்டுக்குச் சென்றபின், நிரைகளில் சிதறிய ரப்பர் விதைகளைப் பொறுக்குவர். கல்லில் தேய்த்துச் சூடேற்றித் தோழன் கையில் வைத்துவிட்டு ஓடுவர். ஓடையில் துண்டு விரித்து மீன் பிடிப்பர். பிற்பகல் மழை கொட்டினும் கரையேற மனம் கொள்ளார். லயத்து வாசலில் அன்னையின் குரல் உயர்ந்த பின்னரே கால்கள் வீடு திரும்பும்.

1995இல் நிர்வாகத் தலைநகர்ப் பணி தொடங்கிற்று. சுவாவ், பீசா ஆறுகளின் பள்ளத்தாக்கில் நீர் தேக்கப்பட்டது. ஈரநிலத்தோடு சேர்த்து ஏறத்தாழ 600 எக்டரில் ஏரி விரிந்தது. பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் மக்கள் டிங்கில் அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தனர்.

நகர் எழுதல் நாட்டுக்குத் தேவை. ஊர் மறக்கப்படுதல் நமக்கு இழப்பு. அம்முதியோர் வாழும் நாளிலேயே அவர்தம் நினைவுகளை மாணவர் கேட்டெழுதல் வேண்டும். ‘என் விடுமுறை’ என்னும் கட்டுரைத் தலைப்போடு ‘என் பாட்டியின் விடுமுறை’ என்பதும் வகுப்பறைக் கரும்பலகையில் இடம்பெறட்டும்.