மலையில் பெய்தால் கடலில் தெரியும்

நவம்பர் பிறந்தால் பகாங் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை. மீனவர் படகுகளோடு என் கயாக்கும் கரையேறிவிடும். கடல் அடங்கும்வரை நான் ஒதுங்கும் இடம் கேமரன் மலையின் கியா பார்ம்.

சந்தையில் ஸ்ட்ராபெரியும் வேகவைத்த சோளமும் வாங்கலாம். சற்றுத் தள்ளி சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். 1929-இல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களில் தமிழர் வியர்வை நிறையவே உண்டு.

மழை நேரத்தில் சரிவுகளைக் கவனியுங்கள். தேயிலை வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காய்கறிக்காக மொட்டையாக வெட்டிய மேடுகளிலோ மண் கரைந்தோடும். ரிங்லெட் நீர்த்தேக்கம் தூர்ந்துவருவதற்கு அதுவும் ஒரு காரணம். மலைநீரில் ஒரு பகுதி ஜெலாய் ஆற்றில் கலந்து, பகாங் ஆறாகி, பெக்கான் அருகே கடல் சேர்கிறது.

மார்ச்சில் மீண்டும் துடுப்பெடுக்கும்போது முகத்துவாரம் கலங்கலாக இருந்தால், மேலே எந்தச் சரிவு மொட்டையானதோ என்றுதான் மனம் கேட்கும்.