தெப்பக்கல் ஊருக்கு ஒரு பயணம்

கோல திரெங்கானு என்றதும் நம்மவர்களுக்குக் கடலாமையும், கெரோப்போக் லெக்கோரும், பத்தேக் துணியும்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் பத்து ராக்கிட் என்றொரு கம்பம் இருக்கிறது. மலாயில் ‘பத்து’ என்றால் கல். ‘ராக்கிட்’ என்றால் தெப்பம். தெப்பக்கல்! ரெடாங் தீவுக்குப் போகிறவர்கள் இவ்வூரில் நிற்காமல் மெராங் துறைக்குப் போய்ப் படகேறிவிடுவார்கள். ஆனால், உடற்பேறு குறைந்த பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் ஒருமுறையாவது பார்த்துவர வேண்டிய ஊர் இது.

சென்ற பள்ளி விடுமுறையில் கெடாவிலுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று குடும்பங்கள் வாடகை வேனில் புறப்பட்டோம். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, பாலிங் வழியாகக் கிரிக் போய், 1982-ல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். யானை கடக்கும் இடம் என்று படம் போட்ட பலகைகள் வந்துகொண்டே இருந்தன. யானை ஒன்றும் வரவில்லை, பிள்ளைகளுக்கு ஏமாற்றம். தெமெங்கோர் ஏரிக்கரையில் வேனை நிறுத்திப் பசியாறினோம். புளிச்சோறும் நெத்திலிச் சம்பாலும்.

எங்களுடன் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். நடக்கமாட்டான், பேச்சும் தெளிவில்லை. ஏரியைக் கண்டதும் அவன் போட்ட சத்தத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவன் தாயார் பால்மரம் வெட்டுகிறவர். முன்பு பாட்டி பார்த்துக்கொண்டார். பாட்டி காலமானபின், வெட்டு முடியும்வரை வீட்டை வெளியில் பூட்டிவிட்டுத்தான் அந்த அம்மா வேலைக்குப் போகிறார். நடுவில் ஒருமுறை அண்டை வீட்டுப் பெரியவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாராம். இதைக் கேட்டு அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. வெட்டுக்குப் போகாவிட்டால் சம்பளம் ஏது?

ஜெலி, மாச்சாங், பாசிர் பூத்தே கடந்து, கடலோரச் சாலையில் இறங்கிப் பத்து ராக்கிட் போய்ச் சேர்ந்தோம். தென்னைமரம், மணல், காய்கிற வலைகள், மீன் வாடை. இந்தச் சாதாரணக் கம்பத்தில்தான் 1984-ல் ‘பி.டி.கே.’ எனப்படும் சமூக மறுவாழ்வுத் திட்டம் 55 பிள்ளைகளோடு முதன்முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பிள்ளையைப் பட்டணத்து இல்லத்துக்கு அனுப்பாமல், பயிற்சியைப் பிள்ளையின் வீட்டுக்கும் ஊருக்கும் கொண்டுவருவது என்பதுதான் இதன் கருத்து. 1978-ல் நடந்த அல்மா அட்டா சுகாதார மாநாட்டுக்குப் பிறகு உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையைப் பல நாடுகளிலும் வளர்த்தது. நம் நாட்டில் இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன.

நாங்கள் பார்த்தது பெரிய கட்டடமல்ல. பாய் விரித்த கூடம். பிடித்து நடக்க இரண்டு கட்டைகள். பித்தான் போட்டுப் பழகத் தைத்த துணிகள். நிலையத்தை நடத்துவது ஊர்க்காரர்களும் பெற்றோர்களும் சேர்ந்த செயற்குழு. பணியாளர் படியும் நடைமுறைச் செலவும் சமூகநல இலாகாவிலிருந்து வருகின்றன. வரமுடியாத பிள்ளைகளைப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று பார்க்கிறார்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு மாதப்படியும் உண்டு.

பணியாளரான மலாய் அம்மையாரை நம் பெண்கள் ‘காக்’ என்று கூப்பிட்டு உடனே ஒட்டிக்கொண்டார்கள். அவர் நம் பையனைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்து, பிடியில் பழந்துணி சுற்றிய கரண்டியைக் கையில் கொடுத்தார். துணி சுற்றினால் பிடி பருத்துவிடுகிறது; விரல் மடங்காத பிள்ளைக்கும் பிடிபடுகிறது. காசு செலவில்லாத வைத்தியம்! முதல் கரண்டிக் கஞ்சி சட்டையில் கொட்டியது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதோ ஆறாவதோ வாய்க்குள் போயிற்று.

“டீச்சர், இத்தனை வருஷமா நான்தானே ஊட்டிவிடுறேன். இவனாச் சாப்பிடுவான்னு யாருமே எனக்குச் சொல்லலியே” என்றார் தாயார். அன்று மாலை கடற்கரையில் அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நம் தோட்டங்களுக்கு இது புதிய சங்கதியா? ஆயாக் கொட்டகையை மறந்துவிட்டோமா? ஓர் ஆயா, வரிசையாகத் தொட்டில்கள். ஊர்ப் பிள்ளைகளை ஊரே வளர்த்தது. இன்று பல தோட்டங்களில் அந்தக் கொட்டகை உரச்சாக்கு அடுக்கும் இடமாகிவிட்டது. எங்களுக்கு அருகிலுள்ள பி.டி.கே. பட்டணத்தில் இருக்கிறது. தோட்டத்துச் செம்மண் சாலைக்குள் பஸ் வருவதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் எத்தனை நாள் போகமுடியும்?

வேனில் வந்த மூன்று குடும்பங்களில் இரண்டு, பிள்ளையை இன்னும் இலாகாவில் பதியவில்லை. பதிந்தால் ‘ஊருக்கே தெரிந்துவிடும், அக்காளுக்கு மாப்பிள்ளை அமையாது’ என்ற பயம். இந்தப் பயத்தால் பிள்ளைக்குச் சேரவேண்டியது சேராமல் போகிறது. அரசாங்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ டாக்டரிடம் பாரத்தில் உறுதி வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுத்தால் ‘ஓ.கே.யு.’ அட்டை கிடைக்கும். இதற்கென்று 2008-ல் சட்டமே வந்துவிட்டது. 2019 முதல், இப்படிப்பட்ட பிள்ளை என்பதற்காக எந்த அரசாங்கப் பள்ளியும் திருப்பி அனுப்பக்கூடாது என்பதும் கல்வி அமைச்சின் கொள்கை.

திரும்பி வந்தபின் பக்கத்துத் தோட்டங்களிலும் விசாரித்தோம். பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய ஆயாக் கொட்டகையை வாரத்தில் மூன்று காலை திறந்துவிடும்படி மானேஜருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். வெட்டுக்குப் போகாத இரண்டு பாட்டிமார் இருந்து பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். கூரைக்குப் பன்னிரண்டு தகரம் வேண்டும். கோயில் தலைவர் ஆறு தருகிறேன் என்றிருக்கிறார்.