கொல்லைப்புறத்துக்கு வந்து சேரும் உலகம்

நம் பங்கு இல்லத்தின் கொல்லைப்புறத்தில் பெருமை பேசத்தக்க பொருள் எதுவும் இல்லை. ஒரு வேம்பு, இரண்டு முருங்கை, துணி துவைக்கும் கல், தூர்ந்துபோன பழைய கிணறு, அதற்கப்பால் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கரிசல் காடு. (காடு என்றால் இவ்வட்டாரத்தில் மானாவாரி நிலம், வெளியூர் வாசகர்கள் புலியைத் தேட வேண்டாம்.) அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் கொடை. அது பொய்த்தால் அவ்வாண்டின் கணக்கு முடிந்தது. குமாரலிங்கபுரத்துப் பக்கம் யார் வரப்போகிறார்கள் என்று வேற்றூரார் கேலி செய்வதுண்டு. நாம் அப்படி எண்ணுவதில்லை. கொல்லைக் கதவைத் திறந்துவைத்தால் உலகம் அழையாமலே வந்து சேர்கிறது.

முதலாவதாகச் சோளப்பட்சி. சூறைக்குருவி என்றும் இதனைச் சொல்வர். உருவத்தில் நம் மைனாவை ஒத்திருக்கும். தலையும் சிறகும் வாலும் கருமை. முதுகும் வயிறும் இளஞ்சிவப்பு. நம்மிடம் வந்து இறங்கும்போது அந்தச் சிவப்பு மங்கி, பலமுறை துவைத்த துணிபோல் இருக்கும். பங்குனியில் திரும்பிப் போவதற்குள் மீண்டும் பொலிவு பெறும். மழைக்காலத்தை ஒட்டிக் கூட்டங்கூட்டமாக வரும் இவை, பொழுது சாயும் நேரத்தில் கண்மாய்க்கரைக்கு மேலே ஒரே உடல்போல் வளைந்தும் நெளிந்தும் பறக்கும் காட்சியைக் காணப் பணம் செலவழித்து எங்கும் போக வேண்டியதில்லை.

இவற்றின் பிறந்தகம் கிழக்கு ஐரோப்பா தொடங்கி கசகஸ்தான், மேற்குச் சீனம்வரை விரிந்து கிடக்கும் புல்வெளிகள். அங்கே பாறை இடுக்குகளிலும் கற்குவியல்களிலும் பெருந்தொகையாகக் கூடுகட்டும். வெட்டுக்கிளி எங்கே பெருகுகிறதோ அங்கே குஞ்சு பொரிக்கும். சீனத்தின் சிஞ்சியாங் பகுதியில் இவை தங்குவதற்கென்றே மனிதர்கள் கற்களை அடுக்கிக் கூடமைத்துக் கொடுக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தை வெட்டுக்கிளியிடமிருந்து காக்க மருந்து தெளிப்பதைக் காட்டிலும் இந்தப் பட்சிகளை நம்புவது மேல் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆக, ஆறு மாதம் ஓரிடத்தில் காவற்காரன் என்று பெயர் வாங்கும் பறவை, மீதி மாதங்கள் நம் ஊரில் திருடன் என்று பெயர் வாங்குகிறது. சோளக்காட்டில் பரண் கட்டி, கவணில் கல் வைத்துச் சுழற்றி, தகரத்தைத் தட்டி இவற்றை விரட்டிய கதையை இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்தச் சோளக்காடுகள் இப்போது மிகவும் குறைந்துவிட்டன. கோழித் தீவனத்துக்கு விலைபோகும் மக்காச்சோளம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன்பின்னாலேயே அதற்குரிய பகையும் வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 2018 மே மாதத்தில், கருநாடகத்தில். அதே ஆண்டு மழைப் பருவத்திலேயே தமிழகத்து மக்காச்சோளத்தில் புகுந்துவிட்டது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும் புழு அது. கவண் கல் என்ன செய்யும்? அந்த வருடம் நாசமான காட்டு வரப்பில் நின்ற முதியவர் ஒருவர் நம்மிடம் கூறியது மறக்கவில்லை: "குருவிய வெரட்டக் கல்லு போதும் சாமி. இந்தப் புழுவ வெரட்டக் கடன் வாங்க வேண்டியிருக்கு."

கொல்லை வேலிக்கு நாம் திரும்பியாக வேண்டும். அந்த வேலியும் சீமையிலிருந்து வந்ததுதான். சீமைக்கருவேல் மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவிலும் தோன்றிய மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டுக்குள் வந்து, விறகுக்கும் வேலிக்கும் உதவுமென்று பரப்பப்பட்டு, பிறகு எவர் உதவியும் இன்றித் தானே பரவிக்கொண்டது. ஆடு நெற்றைத் தின்னும். விதை செரிக்காமல் வெளிவந்து, புழுக்கையே எருவாக முளைக்கும். கண்மாய்க்குள்ளும் வரத்துக்கால்களிலும் இது அடைத்து நிற்கும் அலங்கோலத்தை நாம் ஆதரிக்க முடியாது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் இதனை அகற்றுமாறு ஆணையிட்டபோது ஊர்தோறும் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. 2022-இல் தமிழக அரசும் இத்தகைய அயல் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இரண்டும் முறையே.

ஆயினும் மேடையில் நின்று இம்மரத்தைச் சபிப்பவர்கள் ஒருமுறை கரிமூட்டத்தின் அருகில் வந்து நிற்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வட்டாரத்து ஏழையின் அடுப்பு எரிந்தது இம்மரத்தால். விறகை வெட்டி, துண்டுபோட்டு, கூம்பாக அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி மூடி, தீயிட்டுப் பல நாட்கள் காத்திருப்பார்கள். உள்ளே மரம் எரியக் கூடாது; வேக வேண்டும். பூச்சில் எங்கேனும் வெடிப்பு விட்டால் காற்று உட்புகுந்து அத்தனையும் சாம்பலாகிவிடும். எனவே இரவெல்லாம் ஆள் விழித்திருக்க வேண்டும். நாம் சொன்ன சோளப்பட்சிகள் இரவில் அடைவதும் இதே முட்புதர்களில்தான். அயல் மரத்தில் அயல் பறவை. அதனடியில் நம் ஊர்க்காரரின் கூலி. எதை வெட்டினால் எது விழும் என்று ஆணை பிறப்பிப்போர் எண்ணிப் பார்க்கிறார்களா என்பது நம் ஐயம்.

இப்போது இன்னொரு பெரும் வரவு. நடுவண் அரசு 2023 மார்ச் மாதத்தில் நாட்டின் ஏழு இடங்களில் பெரும் ஜவுளிப் பூங்காக்களை அறிவித்தது. தமிழகத்துக்குரிய ஒன்று நம் விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்துக்கு வந்தது. பரப்பு 1,052 ஏக்கர். இலட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள். அருப்புக்கோட்டைத் தறிகளின் ஓசை குறைந்துபோனதைக் கண்ட தலைமுறைக்கு இச்செய்தி எத்துணை இனித்திருக்கும்! பட்டாசு ஆலைக்கு மகளை அனுப்பிவிட்டு, தொலைவில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் புகை எந்தத் திசையில் எழுகிறதென்று வாசலுக்கு ஓடிவந்து பார்க்கும் பெற்றோர் உள்ள சீமை இது. 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நேர்ந்ததை இங்கு எவரும் மறக்கவில்லை. வெடியாத தொழில் ஒன்று வருமானால் வரட்டும் என்பதே நம் எண்ணமும். சாயத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியை மட்டும் திருப்பூரின் நொய்யலைப் பார்த்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் இல்லத்து நாயைப் பற்றி ஒரு சொல். மணி என்று பெயர். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூரிய முகம். சிப்பிப்பாறை இனத்தின் கலப்பு என்று ஆட்டுக்காரர்கள் சான்றளித்திருக்கிறார்கள். 2005-இல் அஞ்சல் துறை நம் மாவட்டத்து இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வெளியிட்டது. சிப்பிப்பாறைக்கு அப்பேறு அன்று கிட்டவில்லை என்று இங்குள்ளோருக்கு இன்றும் மனத்தாங்கல். 2025 ஆகஸ்டில் தலைநகர்த் தெருநாய்களைக் குறித்து உச்ச நீதிமன்றம் முதலில் ஓர் ஆணையும், பதினொரு நாட்கள் கழித்து அதனைத் திருத்தி மற்றோர் ஆணையும் பிறப்பித்தபோது, நம் வேப்பமரத்தடியில் அதுபற்றிக் கடும் வாதம் நடந்தது. மணி அங்கேயே படுத்து உறங்கிக்கொண்டிருந்தது.

வாதம் நடந்ததும் கைப்பேசியைப் பார்த்துத்தான். முன்பெல்லாம் பேருந்தில் வரும் நாளிதழ்க் கட்டுக்குக் காத்திருப்போம். செய்தி நம்மை அடையும்போது பாதி ஆறியிருக்கும். 2025 மே 8 இரவு ஒன்பதரை மணிக்கு மேல், நம் கொல்லையில் பாய் விரித்து அமர்ந்து, உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் புகைபோக்கியைச் சிறுவர்களோடு பார்த்துக்கொண்டிருந்தோம். வெண்புகை எழுவதற்குச் சற்று முன் ஒரு கடற்பறவை தன் குஞ்சுடன் அந்தக் கூரையில் நடமாடியது. "சாமி, கொக்கு குஞ்சு பொரிச்சிருக்கு!" என்று ஒரு சிறுமி கூவினாள். புகை வந்து, புதிய திருத்தந்தையின் பெயர் அறிவிக்கப்பட்டு, மணியடித்து முடித்த பின்னும் அவளுக்கு அந்தக் குஞ்சின் கவலை தீரவில்லை.

ஆறு வாரங்கள் கழித்து அதே திரை வேறொன்றைக் கொண்டுவந்தது. 2025 சூன் 13-இல் தொடங்கிய இசுரேல்–ஈரான் போரில், 23-ஆம் நாள் இரவு ஈரான் கத்தார் நாட்டிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்தின்மீது ஏவுகணைகளை ஏவியது. நம் நேரம் பத்து மணிக்கு மேல் ஆகியிருந்தது. கொல்லைக் கதவைத் தட்டி வந்தவர், கரிமூட்டத்தில் கூலி வேலை செய்யும் தாய் ஒருவர். மகன் தோகாவில் கட்டட வேலையில் இருக்கிறான். கையில் மகளின் கைப்பேசி. நெற்றியிலும் கையிலும் கரி.

"சாமி, ஒத்த டிக்குதான் விழுந்திருக்கு."

அவர் எழுத்தறியாதவர். ஆனால் ஒரு டிக் என்றால் செய்தி அவனைச் சேரவில்லை, இரண்டு என்றால் சேர்ந்தது, நீலமானால் அவன் பார்த்துவிட்டான் என்பது வரை தெளிவாக அறிவார். நாம் அவனுடைய எண்ணுக்கு அழைத்துப் பார்த்தோம். எடுக்கவில்லை. கத்தார் தன் வான்வழியை மூடிவிட்டது என்று செய்தி ஓடியது. வானில் ஒளிக்கோடுகள் பாயும் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்தக் காட்சியை அவர் பார்க்க வேண்டாமென்று திரையைக் கவிழ்த்தோம். "காட்டுங்க சாமி. எந்தத் திசையில பொகைன்னு பாக்கணும்" என்றார். நமக்கு மறுமொழி வரவில்லை.

வேம்பினடியில் அமர்ந்திருந்தோம். செபிக்கலாமா என்று கேட்டதற்கு, "வேலை செஞ்சுக்கிட்டே சொல்லிக்கிட்டுதான் வந்தேன்" என்றார். பிறகு தாமாகவே பேசத் தொடங்கினார். முகவருக்குக் கொடுத்த கடனில் பாதி அடைந்துவிட்டதாம். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் உள்ளதாம். "இங்க வர்ற பூங்கால வெல்டிங் வேலை இருக்குமா சாமி? இருந்தா வரச் சொல்லிருவேன்." நூற்பாலைக்கும் வெல்டிங் தேவைதான், கட்டி முடிக்கட்டும் என்றோம். பூங்கா கட்டி முடிந்தால் அக்கம்பக்கத்துக் கருவேல் இருக்காது, மூட்டமும் இருக்காது என்பதை அவர் நமக்கு முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார். "எனக்கு இருந்தா என்ன, போனா என்ன. அவன் இங்க வந்துட்டா நான் ஆடு மேய்ச்சுப் பொழைச்சுக்கிறேன்."

மணி பன்னிரண்டைத் தாண்டி இரண்டாவது டிக் விழுந்தது. சற்று நேரத்தில் இரண்டும் நீலமாயின. பின்பு அவன் குரல் பதிவொன்று வந்தது: சத்தம் கேட்டது, சன்னல் அதிர்ந்தது, எல்லாரும் கீழே இறங்கி நின்றோம், சாப்பிட்டாயா அம்மா. அவர் அதனை மூன்று தடவை போட்டுக் கேட்டார். உயிர்ச்சேதம் இல்லை என்ற செய்தியும், வான்வழி மீண்டும் திறக்கப்பட்ட செய்தியும் வந்தன. நாம் காப்பி போடுகிறோம் என்றோம். வேண்டாமென்று எழுந்துவிட்டார். மூட்டத்தை நாத்தனாரிடம் பார்க்கச் சொல்லி வந்தாராம், அவள் கண்ணயர்ந்துவிடுவாளாம், பூச்சில் வெடிப்பு விட்டிருந்தால் உடனே மண் அப்ப வேண்டுமாம். டார்ச் விளக்கை வாங்கிக்கொண்டு வேலிப் படலைத் திறந்து காட்டுக்குள் நடந்தார். மணியும் எழுந்து, வாலை ஆட்டியபடி அவர் பின்னாலேயே போயிற்று.