முந்நூறு மீற்றர்

துவக்கைக் கையால் தொடாமலே குறிபார்க்கக் கற்றவர் எவரேனும் உளரோ என்று வினவினால் வாசகர் நகைப்பர். 2023 ஆம் ஆண்டின் வேனிற் காலத்திலே எமக்கு வாய்த்தது அத்தகைய கல்வியே. சுவிற்சர்லாந்தின் பேர்ண் மாநிலத்தில், எம்மெந்தால் என்னும் மேட்டு நிலத்துக் கிராமமொன்றில் வாழும் தமக்கையாரிடம் இரண்டு மாத லீவிலே சென்றிருந்தோம். பயணச் செலவு முழுவதும் அவருடையது. உணவுச்சாலையொன்றின் சமையற்கட்டிலே பாத்திரம் கழுவி அவர் ஈட்டிய பணத்திலேதான் நாம் அல்ப்ஸ் மலையைக் கண்டோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நேர்மை.

அக்காவின் மகனுக்கு வயது பதினாறு. அங்கேயே பிறந்தவன், அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவன். ஒரு சனிக்கிழமை காலை சப்பாத்துக் கட்டிக்கொண்டே, "மாமா, சுடப் போறன். நீங்களும் வாறீங்களோ?" என்று கேட்டான். பந்தடிக்கப் போகிறவனின் குரலிலே இருந்தது அக்கேள்வி. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்நாட்டிலே பதினைந்து வயது தொடக்கம் இருபது வயது வரையுள்ள குடிமக்களுக்கு அரசு இலவசமாகத் துப்பாக்கிப் பயிற்சி அளிக்கின்றது. துவக்கு இரவலாகவும் தோட்டா விலையின்றியும் கிடைக்கும். நிலையான பெரும்படை இல்லாத நாடு அது. குடியானவனும் வங்கி எழுதுவினைஞனும் ஆண்டிற் சில வாரம் சீருடை அணிந்துவிட்டு, துவக்கோடு வீடு திரும்புவர். அத்தகையோர் ஆண்டுக்கொருமுறை முந்நூறு மீற்றர் தூரத்து இலக்கை நோக்கி இருபது வேட்டுச் சுட்டுக் காட்டவேண்டும் என்பது கட்டாயம். ஆதலின் கோயிலும் பாடசாலையும் போலச் சூட்டுமனையும் அங்கே கிராமத்தின் ஓர் உறுப்பு. நாம் கண்ட சூட்டுமனை ஓடு வேய்ந்த சிறு கட்டடம். எதிரே புல்வெளி, அதற்கப்பால் மண்மேடு, மேட்டின் அடியிலே வரிசையாக இலக்குப் பலகைகள். வேலிக்கு வெளியே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

முதல் வேட்டு எழுந்த கணத்தில் நாம் வாங்கின் கீழே கிடந்தோம். எப்படி அங்கே போனோம் என்பது எமக்கே தெரியாது. மாடுகள் தலை நிமிரவுமில்லை. மருமகன் வெட்கத்தால் முகம் சிவக்க நின்றான். பயிற்றுநர், ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர், அருகில் வந்து எம் கையைப் பற்றி எழுப்பினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. காதுக்கு ஒரு காப்பை எடுத்து மாட்டிவிட்டார்.

பிறகு எமக்கும் சுட்டுப்பார்க்க விருப்பமோ என்று அவர் கேட்க, மருமகன் குனிந்த தலையோடு விடை சொன்னான். அவர் முகம் மாறிற்று. அந்நாட்டுச் சட்டப்படி ஒரு சில நாடுகளின் குடிமக்கள் விசேட அனுமதி இன்றித் துவக்கு வைத்திருக்கவோ சுடவோ கூடாது. அல்பேனியா, அல்ஜீரியா, கொசோவோ, துருக்கி முதலிய பெயர்களோடு இலங்கையின் பெயரும் அப்பட்டியலில் இருந்தது. துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கியிலிருந்து வந்தது என்பர் அகராதிக்காரர். சொல்லைத் தந்தவர்க்கும் பொருள் மறுக்கப்பட்டிருந்தது கண்டு, தமிழ் படித்த எமக்கு அந்த வேளையிலும் சிரிப்பு வந்தது. எம் குடும்பத்திலே ஒரே இரத்தம். கடவுச்சீட்டு மட்டும் வேறு. ஒருவன் சுடலாம், மற்றவன் பார்க்கலாம். ஆதலால் நாம் பார்த்தோம்.

பார்த்துக் கற்றவற்றுள் முதலாவது, கண் எங்கே நிற்கவேண்டும் என்பது. தொடக்கக்காரன் இலக்கையே உற்று நோக்குவான். அது பிழை. மனிதக் கண் ஒரே வேளையில் இரண்டு தூரங்களைத் தெளிவாகக் காண வல்லதன்று. குழலின் நுனியிலுள்ள முன்குறி கூர்மையாகத் தெரியவேண்டும். இலக்கு மங்கலாகவே இருக்கட்டும். பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே ஏறத்தாழ அரை மீற்றர். அங்கே ஒரு மில்லிமீற்றர் பிசகினால் முந்நூறு மீற்றரில் அரை மீற்றருக்கு மேலே பிசகும். இலக்கின் கரிய வட்டமோ அறுபது சென்ரிமீற்றர் விட்டமுடையது. கணக்கு அவ்வளவுதான்.

இரண்டாவது, உடலின் கிடை. குப்புறப் படுத்துக் குறிவைத்தபின் கண்ணை மூடச் சொன்னார் தபாற்காரர். இரண்டு முறை மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தபோது முன்குறி இலக்கை விட்டு விலகி நின்றது. கையால் தள்ளி நேராக்க முயன்றான் பையன். கிழவர் தலையை அசைத்தார். தசையின் வலியால் பிடித்து வைத்த துவக்கு, தசை களைத்ததும் தன் இடத்துக்கே திரும்பும். ஆகவே கையை அல்ல, வயிற்றையும் காலையும் நகர்த்து என்றார். கண்ணை மூடித் திறக்கும்போது குறி தானே இலக்கில் நிற்கும்வரை உடல் முழுவதும் நகரவேண்டும். மூச்சைப் பாதி விட்டு, அடுத்த மூச்சு வருமுன் உள்ள அமைதியிலே விசையை அழுத்தவேண்டும். அந்த அமைதி சில விநாடிகளே. கடந்தால் கண் மங்கும். விட்டுவிட்டு மறுபடி தொடங்கவேண்டும்.

ஐந்து வேட்டுகள் இடப்பக்கம் ஒரு கொத்தாக விழுந்தால் அது குறிக்கருவியின் கோளாறு, திருகி நேராக்கலாம். ஐந்தும் ஐந்து திசையில் சிதறினால் கோளாறு சுடுபவனிடத்தது. மருமகனுடையவை சிதறின. அவனோ ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் குறிக்கருவியைத் திருகப் பாய்ந்தான். கிழவர் அவன் விரலைப் பிடித்துக்கொண்டார். பெறுபேறு வெளிவந்ததும் பாடத்திட்டத்தைத் திருகும் எம் கல்வியதிகாரிகளின் விரலையும் இவ்வாறு பிடிக்க ஒரு தபாற்காரர் இல்லையே என்று எண்ணினோம்.

சிதறலின் காரணத்தைக் கண்டுபிடிக்க அவர் ஒரு தந்திரம் செய்தார். தோட்டாக் கூட்டினுள்ளே மருந்தில்லாத பொய்த் தோட்டாக்களைப் பையன் அறியாமல் கலந்து வைத்தார். வெடிக்கும் என்று எண்ணி அவன் விசையை இழுத்தான். 'டிக்' என்ற ஒலி மட்டும் எழுந்தது. ஆனால் குழலின் நுனி கீழே சரிந்தது. கண் இறுக மூடிற்று. தோள் முன்னே பாய்ந்தது. வராத வெடிக்கு உடல் முன்கூட்டியே அஞ்சிவிட்டது. இவ்வச்சம் வெடியோசைக்குள் மறைந்து கிடப்பதால் சுடுபவன் அதனை ஒருபோதும் காண்பதில்லை. "சுட்ட பிறகு துள்ளுவது துவக்கு. சுடமுன் துள்ளுவது நீ" என்றார் அவர்.

பையன் கூசிப்போனான். எமக்கோ அந்தச் சரிவு மிகவும் பழகியதாய் இருந்தது. வாங்கின் கீழே எம்மைத் தள்ளியதும் அதுவே. 2009 ஆம் ஆண்டு வன்னியிலே எமக்கு வயது பத்தொன்பது. அங்கே நாம் கற்றது இந்தப் பாடத்தின் மறுபக்கம். குண்டு ஒலியிலும் வேகமாக வருவது. ஆகவே தலைக்குமேலே சாட்டை சொடுக்கும் ஓசை முதலிலும், சுட்ட துவக்கின் முழக்கம் பின்னரும் கேட்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் கொண்டு சுடுபவன் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றான் என்பதைப் பதுங்குகுழியிலிருந்த கிழவிகளும் சொல்வர். ஏறத்தாழ அரை விநாடி என்றால் முந்நூறு மீற்றர்.

பயிற்சி முடிந்தபின் தபாற்காரர் கோப்பி ஊற்றித் தந்து, வில்லியம் தெல்லின் கதையைத் தொடங்கினார். மகனின் தலைமேல் வைத்த அப்பிளை எய்த அந்த வீரன் கதைமாந்தன் என்றே வரலாற்றாசிரியர் பலரும் கொள்வர். அதனை விட்டுவிட்டு, நாம் படித்தறிந்த வேறு இரண்டைச் சொன்னோம். 1918 நவெம்பரிலே பொது வேலைநிறுத்தத்தின்போது கிறென்சென் நகரில் மணிக்கூட்டுத் தொழிலாளர் மூவரைப் படையினர் சுட்டுக் கொன்றனர். 1932 நவெம்பர் 9 ஆம் திகதி ஜெனீவாவிலே பாசிசத்தை எதிர்த்துத் திரண்டிருந்த மக்கள்மீது, பயிற்சியும் முடியாத இளஞ் சிப்பாய்கள் ஏவப்பட்டனர், பதின்மூவர் மாண்டனர். குடிமக்கள் கையிலே துவக்கு இருப்பதே சுதந்திரம் என்பர் அந்நாட்டார். அன்று துவக்கு குடிமகன் கையிலேதான் இருந்தது. கட்டளை வேறொருவர் வாயில் இருந்தது. மருமகன் தயங்கித் தயங்கி இதனை மொழிபெயர்த்தான். இக்கதையை அவனும் அன்றுதான் கேட்டான். கிழவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின், "அது முந்நூறு மீற்றர் அல்ல" என்றார். எந்தப் பொருளில் சொன்னார் என்று நாம் கேட்கவில்லை.

அச்சத்துக்கு மருந்து வெறுஞ்சூடு. தோட்டா இன்றி ஆயிரம் முறை விசையை அழுத்தினால் உடல் மெல்ல மெல்ல மறக்குமாம். வீட்டுக்குத் துவக்குக் கொண்டுவர அவனுக்கு வயது போதாது. ஆகவே தும்புத்தடியை எடுத்துக்கொண்டு கூடத்திலே படுத்தான். தடியின் நுனியிலே நாம் ஒரு பிராங் நாணயத்தை வைத்தோம். விரலை மடக்கும்போது நாணயம் விழக்கூடாது. முதல் நாள் இருபதுக்குப் பதினெட்டு முறை விழுந்தது. மூன்று வாரத்தின்பின் நாலு முறை.

யூன் மாதத்திலே நாடெங்கும் ஒரே நாட்களில் வயற்சூட்டு விழா நடக்கும். இலட்சத்துக்கு மேற்பட்டோர் சுடுவர். பதினெட்டு வேட்டு, உச்சப் புள்ளி எழுபத்திரண்டு. ஆறுதலாகச் சுடும் முதல் ஆறும் அவனுக்கு நன்றாக அமைந்தன. ஒரு நிமிடத்துள் ஆறு சுடவேண்டிய இறுதிச் சுற்றிலே பழைய சரிவு திரும்பிற்று. நாற்பத்தொன்பது புள்ளி. சின்னம் கிடைக்கவில்லை. கிழவர் அவன் தோளிலே தட்டி, அடுத்த ஆண்டு என்றார்.

அன்றிரவும் கூடத்திலே தும்புத்தடியோடு படுத்தான். சற்று நேரத்தில், "மாமா, நீங்களும் ஒருக்காப் படுத்துப் பாருங்கோவன். இதுக்குச் சட்டம் ஒண்டுமில்லை" என்றான். படுத்தோம். கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்தோம். அவன் நாணயத்தை வைத்தான். பிறகு கேட்டான், "அந்தச் சத்தம் வரேக்க நீங்கள் எவ்வளவு பேர் அதுக்க இருந்தனீங்கள்?"

ஒன்பது பேர் என்றோம். ஏறியவர் எத்தனை பேர் என்று அவன் கேட்குமுன் அக்கா கதவடியில் வந்து நின்றார். எங்கள் இருவரையும் பார்த்தார். "தம்பி, எழும்பு. கூட்ட வேணும்" என்று தடியை வாங்கினார். நாணயம் உருண்டு கதிரையின் கீழே போயிற்று.