மீதி ஐந்து இதழ்கள்

இலக்கியம் பேசும் இடத்தில் இன்று கணக்குப்பதிவியல் பேசப்போகிறேன். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். சந்தா கட்டிய சிற்றிதழ் பாதியில் நின்றுபோன அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அப்படிச் சந்தா வாங்கிய தரப்பிலிருந்து எழுதப்படும் ஒரு குறிப்பு இது.

என் ஊர் வத்தலக்குண்டு. கொடைக்கானல் மலையேறும் பேருந்துகள் நின்று இளைப்பாறிச் செல்லும் ஊர். பி. ஆர். ராஜமையர் 1872இல் பிறந்தது இங்கேதான். பி. எஸ். ராமையா 1905இல் பிறந்ததும் இங்கேதான். சின்னமனூரில் பிறந்த சி. சு. செல்லப்பா வளர்ந்த ஊரும் இதுவே. கதை எழுதியதோடு நில்லாமல் மூவருமே பத்திரிகை ஆசிரியர்களாகவும் இருந்தார்கள். ‘பிரபுத்த பாரதா’, ‘மணிக்கொடி’, ‘எழுத்து’ என்று அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லியே எங்கள் தலைமுறை இளைஞர்களுக்கும் அந்த ஆசை தொற்றியது.

1988 டிசம்பரில் நண்பர் ஒருவர் மாத இதழ் தொடங்கினார். தனி இதழ் ஐந்து ரூபாய், ஆண்டுச் சந்தா அறுபது. வணிகவியல் படித்துவிட்டு ஒரு கமிஷன் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த நான் அதற்குக் கணக்கப்பிள்ளை. முதல் இதழ் வரும் முன்பே 180 பேர் மணியார்டரில் சந்தா அனுப்பிவிட்டார்கள். மொத்தம் 10,800 ரூபாய். மார்ச் 31க்குள் நான்கு இதழ்கள் வந்தன. அச்சுக்கூலி, காகிதம், தபால் எல்லாம் சேர்ந்து 9,600 செலவு. கடைகளில் விற்ற பிரதிகளுக்குக் கழிவு போக 2,800 ரூபாய் வரவேண்டியிருந்தது.

நான் கணக்கு முடித்தேன். சந்தா 10,800, கடை பாக்கி 2,800, ஆக வருமானம் 13,600. செலவு போக லாபம் 4,000. சொத்துப் பக்கத்தில் கையிருப்பு 1,200, வரவேண்டியது 2,800. இருபுறமும் அழகாகச் சமனாயின.

“என்னடா சொல்றே, லாபமா?” என்று நண்பர் என்னைக் கட்டிக்கொண்டார். அந்த உற்சாகத்தில் ஐந்தாம் இதழை இருமடங்குப் பக்கங்களில், ஓவிய அட்டையோடு, அச்சகத்தில் கடன் சொல்லிக் கொண்டுவந்தார். ஏழாம் இதழோடு பத்திரிகை நின்றது.

சந்தாதாரர்களுக்குத் திருப்பித் தரவேண்டியது எவ்வளவு என்று கணக்கிட உட்கார்ந்த இரவில்தான் நான் செய்த பிழை எனக்கே புலப்பட்டது. மார்ச் மாதத்தில் நாங்கள் ஈட்டியிருந்தது நான்கு இதழ்களுக்கான 3,600 ரூபாய் மட்டுமே. மீதி 7,200 எங்கள் பெட்டிக்குள் வந்திருந்தாலும் எங்களுடையதன்று. அது முன்கூட்டிப் பெற்ற வருமானம். பெயரில் ‘வருமானம்’ இருந்தாலும் அதன் இடம் இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பக்கம். ஒவ்வோர் இதழும் தபாலில் சேரும்போதுதான் ஐந்து ஐந்து ரூபாயாக அது பொறுப்பிலிருந்து இறங்கி வருமானமாக மாறும். அப்படி எழுதியிருந்தால் 4,000 ரூபாய் லாபம் 3,200 ரூபாய் நஷ்டமாகத் தெரிந்திருக்கும். நண்பரும் ஓவிய அட்டைக்கு ஆசைப்பட்டிருக்கமாட்டார்.

வரவேண்டிய 2,800இன் கதை இதற்கு நேர் எதிரானது. பிரதிகள் விற்றுவிட்டன, உழைப்பு முடிந்துவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. ஆகவே அது சொத்துதான். ஆனால் எத்தகைய சொத்து? “அடுத்த மாசம் பாத்துக்கலாம் தம்பி” என்று கடைக்காரர் சொன்ன சொல்லன்றி வேறொன்றுமில்லை. அதனால்தான் வாராக்கடனுக்கும் ஐயக்கடனுக்கும் ஒதுக்கு வைத்து, அதைக் கழித்துக் காட்டச் சொல்கிறது கணக்குப் பாடம். இன்று நம் நாட்டு நிறுமங்கள் வரவேண்டிய கடன்களை ஆறு மாதத்துக்குட்பட்டவை, ஓராண்டுக்குட்பட்டவை என்று தொடங்கி, மூன்றாண்டுக்கு மேற்பட்டவை வரை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டவேண்டும் என்று 2021 முதல் விதியே இருக்கிறது. சொல்லுக்கும் வயதாகும் என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மண்டியில் வந்த காசு அன்றன்றே வரவு. அந்தப் பழக்கத்தில் நான் இரண்டு நம்பிக்கைகளைக் குழப்பிவிட்டேன். பிறர் நம்மீது வைத்த நம்பிக்கை இடப்பக்கம், பொறுப்பு. நாம் பிறர்மீது வைத்த நம்பிக்கை வலப்பக்கம், சொத்து. முன்னதை விழுங்கிவிட்டு, பின்னதை ரொக்கமென்றே எண்ணிக்கொண்டேன்.

ஐந்து இதழ்களுக்கான இருபத்தைந்து ரூபாயைத் திருப்பி அனுப்புவதாக 180 பேருக்கும் அஞ்சலட்டை எழுதினோம். பெரும்பாலோர் பதில் எழுதவில்லை. எழுதியவர்களுக்கு என் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுக அனுப்பினேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மட்டும் மணியார்டரை வாங்க மறுத்து எழுதினார்: “பணம் வேண்டாம். மீதி ஐந்து இதழ்கள் எப்போது வரும் என்று மட்டும் தெரிவியுங்கள்.”

பாடப்புத்தகம் எனக்குக் கற்றுத்தராததை அந்த அட்டை கற்றுத்தந்தது. அச்சகத்துக் கடனைப் பணத்தால் தீர்த்துவிடலாம். முன்கூட்டி வாங்கிய சந்தா அப்படிப்பட்டதன்று. அதை இதழால்தான் தீர்க்கவேண்டும். பணத்தைத் திருப்பித் தருவது கடன் தீர்ப்பதாகாது, முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது மட்டுமே.

‘எழுத்து’ 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. செல்லப்பா தாம் வெளியிட்ட நூல்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றதை இலக்கியத் தியாகமாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். கணக்கெழுதுபவன் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. ஒவ்வோர் இதழையும் அஞ்சலில் சேர்க்கும்போதெல்லாம் அந்த மனிதர் தம் இடப்பக்கத்தை இறக்கிவைத்திருக்கிறார்.

ஆசிரியருக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? அதன்பின் எத்தனையோ நிறுவனங்களுக்கு இருப்புநிலைக் குறிப்பு தயாரித்துவிட்டேன். முன்கூட்டிப் பெற்ற வருமானம் என்ற வரியை எழுதும்போதெல்லாம் என் பேனா ஒரு கணம் நிற்கும். என் சொந்தப் பேரேட்டில் அந்த இருபத்தைந்து ரூபாய் இன்னும் பொறுப்புகள் பக்கத்திலேயே இருக்கிறது.